தண்ணீர் குடிக்கச் சொல்லும் செயலி: தெங்கேராவில் தொடங்கினால் காசு வருமா?

மதியம் இரண்டு மணிக்குத் தெங்கேரா சாலையோரம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சமிக்ஞை விளக்கில் சாப்பாட்டுப் பையோடு நிற்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கு மேலே வெயில், கீழே தார்ச் சூடு. அப்படியே கிளேபாங் பக்கம் போனால் கோக்கனட் ஷேக் வாங்க வரிசை நிற்கும். அந்த வரிசையில் நிற்கும்போதுதான் நம்மில் பலருக்கு இந்த யோசனை வரும்: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சோம்னு கணக்கு வைக்கிற ஆப் ஒன்னு நாமளே செஞ்சா என்ன?"

மலாக்காவில் இதைச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. புக்கிட் பெருவாங்கில் எம்எம்யு, டுரியான் துங்கலில் யூடெம். இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தண்ணீர் செயலி நல்ல தலைப்பு. ஒரு செமஸ்டருக்குள் முடித்துவிடலாம். ஆனால் அதே செயலி நாளைக்கு உங்களுக்குச் சம்பளம் கொடுக்குமா என்பது வேறு கேள்வி.

சுருக்கமான பதில் இதுதான். "தண்ணி குடிங்க" என்று எல்லாருக்கும் நினைவூட்டும் செயலியில் காசு மிகக் குறைவு. அளவு தவறினால் உடம்புக்கோ வேலைக்கோ உண்மையிலேயே நஷ்டம் வரும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்காகச் செய்தால் வழி இருக்கிறது. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பிரச்சினை உண்மையா?

எந்த வியாபார யோசனைக்கும் முதல் கேள்வி இது. இங்கே பதில், ஆம்.

நம் நாட்டில் வெப்பத்துக்கு அதிகாரப்பூர்வ எச்சரிக்கை நிலைகளே இருக்கின்றன. ஓர் இடத்தின் அதிகபட்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாளாவது 35 முதல் 37 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால், மெட்மலேசியா எனப்படும் மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுக்கும். 37 முதல் 40 டிகிரி என்றால் இரண்டாம் நிலை, அதாவது வெப்ப அலை. 40-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை. எல் நினோ தாக்கிய 2023, 2024 ஆண்டுகளில் இந்த எச்சரிக்கைகளை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். வெப்ப வாதத்தால் உயிரிழப்புகளும் அந்த ஆண்டுகளில் பதிவாயின.

வெயிலில் வேலை செய்வது மலாக்காவுக்குப் புதிதல்ல. இந்நாட்டில் வியாபார அளவில் ரப்பர் பயிரிடத் தொடங்கியதே இங்கேதான். 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்ற மலாக்காக்காரர் அதைத் தொடங்கினார். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டணத்தில் பாதுகாவலர் வேலையிலும் உணவு விநியோகத்திலும் கட்டுமானத் தளத்திலும் இருக்கிறார்கள். வேலை மாறியிருக்கிறது, வெயில் மாறவில்லை.

ஆனால் பிரச்சினை உண்மை என்பதால் மட்டும் செயலி விற்காது. அடுத்த கேள்விக்கு வருவோம்.

எட்டு டம்ளர் கணக்கு எங்கிருந்து வந்தது?

பெரும்பாலான தண்ணீர் செயலிகள் ஒரு இலக்கோடு தொடங்கும்: ஒரு நாளைக்கு எட்டு டம்ளர். மலேசிய உணவு வழிகாட்டியும் சராசரி ஆளுக்கு ஆறு முதல் எட்டு டம்ளர் என்கிறது. சாதாரண நாளுக்கு இது போதுமான அறிவுரை. ஆனால் இது எல்லாருக்கும் பொருந்தும் அளவு அல்ல.

1945-இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்து வாரியம் நாளொன்றுக்கு 2.5 லிட்டர் என்று சொன்னது. அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே கிடைத்துவிடும் என்றும் அதே இடத்தில் சொல்லியிருந்தது. முதல் வரி பரவியது, இரண்டாவது வரி காணாமல் போனது. அமெரிக்க உடலியல் வல்லுநர் ஹைன்ஸ் வால்டின் 2002-இல் இதைத் தேடிப் பார்த்து, ஆரோக்கியமான எல்லாருக்கும் எட்டு டம்ளர் கட்டாயம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர் என்றது. அதுவும் சாப்பாட்டில் இருக்கும் நீரையும் சேர்த்துத்தான்.

அதிகமாகக் குடித்தாலும் ஆபத்து உண்டு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 விழுக்காட்டினருக்கு உப்புச் சத்து, அதாவது சோடியம், இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்து உடல் எடை கூடியவர்களிடம் இது அதிகம்.

அப்படியென்றால் எல்லாருக்கும் ஒரே இலக்கு வைக்கும் செயலி, பாதிப் பேருக்குத் தேவையில்லாத ஒன்றைச் சொல்கிறது. சிலருக்குத் தப்பான ஒன்றையே சொல்லிவிடலாம். அந்தச் சிலர் யார் என்று கொஞ்ச நேரத்தில் பார்ப்போம்.

உங்கள் போட்டியாளர் ஏற்கெனவே பாக்கெட்டில் இருக்கிறார்

கைப்பேசியைத் திறந்து பாருங்கள். சாம்சங் ஹெல்த் செயலியில் தண்ணீர் கணக்கு இலவசம். ஃபிட்பிட், மைஃபிட்னஸ்பால் இரண்டிலும் இருக்கிறது. ஆப்பிளின் ஹெல்த் செயலியிலும் தண்ணீர் அளவைச் சேமிக்கலாம். கடிகாரத்தில் மூன்று அலாரம் வைத்தாலே வேலை முடிந்தது.

இதற்கு மேல் தனியாக ஒரு செயலியை விற்க வேண்டுமானால் ஏதாவது வித்தியாசம் வேண்டும். உலக அளவில் வென்றவர்கள் என்ன செய்தார்கள்?

வாட்டர்மைண்டர் அழகான வடிவமைப்பையும் கைக்கடிகார வசதியையும் நம்பியது. தைவானின் ஃபோர்டிசையர் நிறுவனம் செய்த பிளான்ட் நேனி இதை விளையாட்டாக்கியது. நீங்கள் தண்ணீர் குடித்தால் திரையில் ஒரு செடி வளரும், மறந்தால் வாடிவிடும். செடி வாடுவதைப் பார்க்க மனசு வராமலே பலர் குடித்தார்கள். ஹைட்ரேட்ஸ்பார்க் வேறு வழியில் போனது. குடித்த அளவைத் தானே கணக்கிட்டு, நேரம் வந்ததும் ஒளிரும் தண்ணீர்ப் பாட்டிலைச் செய்தது. 2015-இல் கிக்ஸ்டார்ட்டரில் மக்களிடமிருந்தே 6 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் திரட்டியது. கவனியுங்கள், அங்கே விற்றது பாட்டில். செயலி பாட்டிலோடு கூட வந்தது.

இந்த வகைச் செயலிகளின் பொதுவான பலவீனம் ஒன்று. நாம் குடித்ததை நாமே பதிய வேண்டும். முதல் வாரம் ஆர்வத்தில் பதிவோம். இரண்டாவது வாரம் மறப்போம். மூன்றாவது வாரம் அறிவிப்பை அணைத்துவிடுவோம். நீங்களே எத்தனை செயலிகளின் அறிவிப்பை அணைத்து வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

நீங்கள் ஆண்டுக்கு 20 ரிங்கிட் சந்தா வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழே உள்ள சிறு நிறுவனங்களிடம் ஆப்பிள் 15 விழுக்காடு கழிவு எடுக்கும். கூகுள் பிளேயும் முதல் 10 லட்சம் டாலர் வரை 15 விழுக்காடு எடுக்கும்.

1,200 பேர் சந்தா கட்டினால் 24,000 ரிங்கிட். கழிவு 3,600 ரிங்கிட் போனால் மிச்சம் 20,400. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,700 ரிங்கிட்.

1,700 ரிங்கிட் என்பது 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச சம்பளம். ஆக 1,200 பேர் காசு கட்டினால்தான் ஒரே ஓர் ஆளின் குறைந்தபட்ச சம்பளம் வருகிறது. இதிலிருந்துதான் ஆப்பிளுக்கு ஆண்டுக்கு 99 டாலர், கூகுளுக்கு ஒரு முறை 25 டாலர் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். சர்வர் செலவு, விளம்பரம், வரி எல்லாம் தனி.

1,200 பேரை எங்கே பிடிப்பது? பதிவிறக்கம் செய்பவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் காசு கட்டுவார்கள் என்று வைத்துக்கொண்டாலும் 60,000 பதிவிறக்கம் தேவை. இலவசமாகக் கிடைக்கும் ஒன்றுக்கு எதிராக 60,000 பேரைப் பிடிப்பது லேசான காரியம் இல்லை.

யாருக்கு அளவு தவறக் கூடாது?

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். "யாருக்கு இது பிடிக்கும்?" என்று கேட்காமல் "அளவு தவறினால் யாருக்கு நஷ்டம்?" என்று கேளுங்கள். மூன்று கூட்டம் தெரியும்.

முதலாவது, வெயிலில் உழைப்பவர்கள். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனம், சூட்டில் வேலை செய்பவர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை சுமார் 240 மி.லி. குடிக்க வேண்டும் என்கிறது. ஒரு மணி நேரத்தில் 1.4 லிட்டரைத் தாண்டக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. நம் நாட்டிலும் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016-இல் வேலையிட வெப்ப அழுத்தத்துக்கு வழிகாட்டி வெளியிட்டது.

இரண்டாவது, சிறுநீரகக் கல் வந்தவர்கள். மீண்டும் கல் வராமல் இருக்க, நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்குக் குடிக்கச் சொல்கிறது அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம். வலியை ஒருமுறை அனுபவித்தவருக்கு இந்த எண் முக்கியம்.

மூன்றாவது கூட்டத்துக்குத்தான் நம் வீடுகளோடு நெருங்கிய தொடர்பு: டயாலிசிஸ் செய்பவர்கள். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். சிறுநீரகம் பழுதாக இங்கே முதன்மைக் காரணம் நீரிழிவு. நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள்.

இவர்களுக்குக் கணக்கு தலைகீழ். சிறுநீர் சரியாகப் பிரியாததால், குடிக்கும் நீர் உடம்பிலேயே தங்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயத்துக்குச் சுமை ஏறும். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இருந்து அந்த நீரை இறக்க வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவர் ஓர் உச்சவரம்பு சொல்லியிருப்பார். ஐஸ்கட்டி, ரசம், மோர், கஞ்சி, தே தாரே எல்லாமே அந்த வரம்புக்குள் அடங்க வேண்டும். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஓர் அம்மாவின் கைப்பேசியில் உங்கள் செயலி "இன்னும் மூன்று டம்ளர் பாக்கி! குடிங்க!" என்று மணி அடித்தால் என்ன ஆகும்? மகன் அன்போடு போட்டுக் கொடுத்த செயலிதான். ஆனால் அது சொல்வது அவருக்கு ஆபத்து. இதய செயலிழப்பு உள்ளவர்கள் பலருக்கும் இதே நிலைதான்.

அதனால் தண்ணீர் செயலி செய்பவர் எழுத வேண்டிய முதல் திரை, இலக்கைக் காட்டும் திரை அல்ல. "உங்களுக்கு மருத்துவர் தண்ணீர் அளவு ஏதும் சொல்லியிருக்கிறாரா?" என்று கேட்கும் திரை. ஆம் என்றால், குடிக்கச் சொல்லும் நினைவூட்டல் வரவே கூடாது. "வரம்பில் இன்னும் 200 மி.லி. மிச்சம்" என்று மட்டும் காட்ட வேண்டும். கடைகளில் கிடைக்கும் பொதுவான செயலிகளில் பெரும்பாலானவை "இன்னும் குடி" என்ற திசையில்தான் கட்டப்பட்டவை. இடைவெளி இங்கேதான் இருக்கிறது.

காசு கட்டுவது யார்?

குடிப்பவரும் காசு கட்டுபவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை.

மலேசியாவிலேயே உதாரணம் உண்டு. 2017-இல் தொடங்கிய நலுரி, மனநலம், நீரிழிவு போன்றவற்றுக்குக் கைப்பேசி வழி ஆலோசனை தருகிறது. அதன் முக்கிய வாடிக்கையாளர்கள் நிறுவனங்களும் காப்புறுதிக் குழுமங்களும். ஊழியர் பயன்படுத்துவார், முதலாளி கட்டணம் கட்டுவார். 2015-இல் வந்த புக்டாக், நடக்கும் அடிகளுக்கு வெகுமதி தரும் திட்டத்தை நிறுவனங்களிடமும் கொண்டுபோனது. அமெரிக்காவின் எபிகோர் பயோசிஸ்டம்ஸ், கேட்டரேட் நிறுவனத்துக்காக வியர்வையை அளக்கும் ஒட்டுப்பட்டை செய்தது. பிறகு அதே தொழில்நுட்பத்தை எண்ணெய் நிறுவனத் தொழிலாளர்களிடம் கொண்டுபோனது.

பழைய கணக்கை இங்கே போடுங்கள். வெளிப்புற வேலையாட்கள் 200 பேர் உள்ள ஒரு நிறுவனம், ஆளுக்கு மாதம் 3 ரிங்கிட் தருவதாக வைத்துக்கொள்வோம். மாதம் 600 ரிங்கிட். மூன்று நிறுவனங்கள் சேர்ந்தால் 1,800. அங்கே 1,200 வாடிக்கையாளர் தேவைப்பட்டது, இங்கே மூன்று போதும். நேரடியாக ரசீது போட்டு வாங்குவதால் ஆப் ஸ்டோர் கழிவும் மிச்சம்.

ஆனால் மூன்று பேரும் சும்மா கையெழுத்துப் போட மாட்டார்கள். "மயக்கம் போட்டு விழுவது குறைந்ததா? மருத்துவ விடுப்பு குறைந்ததா?" என்று கேட்பார்கள். டயாலிசிஸ் மையம் என்றால், "இரண்டு சிகிச்சைக்கு நடுவே நோயாளியின் எடை ஏறுவது குறைந்ததா?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு சிகிச்சைக்கு முன்னும் எடை பார்ப்பதால், அந்த எண் ஏற்கெனவே மையத்தில் இருக்கிறது. ஆதாரம் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

செயலியால் முடியாதது

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பல தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், மறதியால் குடிக்காமல் இருப்பதில்லை. குடித்தால் கழிப்பறை போக வேண்டும், பக்கத்தில் கழிப்பறை இல்லை. அதனால் வேண்டுமென்றே தவிர்க்கிறார்கள். காவல் கூண்டில் 12 மணி நேரம் உட்காரும் அக்காவுக்கு நினைவூட்டல் அனுப்பினால் கோபம்தான் வரும்.

இங்கே உங்கள் செயலிக்கு வேறு வேலை இருக்கலாம். யார் குடிக்கவில்லை என்று தொழிலாளியைக் கண்காணிப்பது அல்ல அது. எந்த இடத்தில் தண்ணீர் இல்லை, எங்கே கழிப்பறை தூரம், எந்த நேரத்தில் ஓய்வு இல்லை என்று முதலாளிக்குக் காட்டுவது. தொழிலாளியின் பெயர் இல்லாத தகவலே இதற்குப் போதும்.

தமிழில் செய்தால் பலமா?

ஓரளவுக்கு. டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கும் பாட்டிக்கு "மில்லிலிட்டர்" என்பதைவிட "அரை டம்ளர்" புரியும். தட்டச்சு செய்வதைவிட "ஒரு கப் தே ஓ குடிச்சேன்" என்று சொல்லிப் பதிவது எளிது. நம் சாப்பாட்டுப் பட்டியல் வெளிநாட்டுச் செயலிகளில் சரியாக இருப்பதில்லை.

ஆனால் 2020 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடுதான். தமிழ் மட்டும் என்றால் சந்தை சிறியது. தமிழில் தொடங்குங்கள், மலாயையும் மாண்டரினையும் சேர்க்க இடம் வைத்துக் கட்டுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவரின் உடல்நலத் தகவல் 'உணர்வுபூர்வமான' தகவல் என்ற வகையில் வரும். அதைச் சேகரிக்க அவரின் வெளிப்படையான சம்மதம் தேவை. சிறிய எழுத்தில் ஒரு 'டிக்' பெட்டி வைத்துச் சமாளிக்க முடியாது.

செயலி நோயைக் கண்டறியும் அல்லது சிகிச்சைக்கு உதவும் என்று சொன்னால், 2012 மருத்துவக் கருவிச் சட்டம் குறுக்கே வரலாம். விளம்பரத்தில் ஒரு வாக்கியம் எழுதும் முன் மருத்துவக் கருவி ஆணையத்திடம் கேட்டுவிடுவது நல்லது.

வியாபாரத்தைப் பதிய எஸ்எஸ்எம்மில் சொந்தப் பெயர் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயர் என்றால் 60 ரிங்கிட். முதலுக்கு டெக்குன் நேஷனலின் ஸ்புமி கடன் திட்டம், கிரேடில் நிதியத்தின் மானியம் போன்ற கதவுகள் உண்டு. கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும். அதனால் கீழே உள்ள சோதனையை முடித்துவிட்டுப் போய்த் தட்டுங்கள்.

ஒரு வரி நிரல் எழுதும் முன் 14 நாள்

காசு செலவில்லாமல் இந்த யோசனையைச் சோதிக்கலாம்.

1. ஒரே ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். உணவு விநியோகிப்பவர்கள், கல் வந்தவர்கள், டயாலிசிஸ் குடும்பங்கள், இவர்களில் ஒன்று. டயாலிசிஸ் என்றால் மையத்தின் தாதியும் மருத்துவரும் சம்மதித்து, அளவை அவர்கள் சொன்ன பிறகுதான்.

2. பத்துப் பேரை வாட்ஸ்அப்பில் சேருங்கள். உடல்நலத் தகவல் என்பதால் குழு வேண்டாம், தனித்தனியாகப் பேசுங்கள். குடித்ததை அவர்கள் அனுப்பட்டும், நீங்கள் தாளில் கூட்டுங்கள். 14 நாளைக்கு நீங்கள்தான் செயலி.

3. பத்தாவது நாளுக்குப் பிறகும் எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்று பாருங்கள். அரைவாசிக்கும் கீழே என்றால் பதிவு செய்யும் முறை தவறு.

4. பதினைந்தாம் நாள் சொல்லாமல் நிறுத்துங்கள். "ஏன் தம்பி, இன்னிக்கு மெசேஜ் வரல?" என்று யாராவது கேட்கிறார்களா? கேட்டால் அவர்களுக்கு இது தேவை. ஒருவரும் கேட்கவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

5. காசு கட்டக்கூடிய ஐந்து பேரைப் போய்ப் பாருங்கள்: மேலாளர், மையப் பொறுப்பாளர், கடை முதலாளி. "ஐடியா நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் முகத்துக்கு நேரே "நல்லா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "இந்தப் பிரச்சினைக்கு இப்போ எவ்வளவு செலவு பண்றீங்க?" என்று கேளுங்கள். செலவே இல்லை என்றால், உங்களுக்கும் தர மாட்டார்கள்.

நம் மதிப்பீடு

எல்லாருக்குமான தண்ணீர் நினைவூட்டல் செயலி, கற்றுக்கொள்ள நல்ல பயிற்சி. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டலாம். அதை நம்பி இருக்கும் வேலையை விடாதீர்கள்.

வரம்பு உள்ளவர்களுக்கான செயலி சின்னச் சந்தை, மெதுவான விற்பனை, அதிகப் பொறுப்பு. ஆனால் அங்கே பயன்படுத்துபவருக்குக் காரணம் இருக்கிறது, அளக்க எண் இருக்கிறது, காசு கட்டக்கூடிய ஒருவர் இருக்கிறார். இந்த மூன்றும் கிடைத்த பிறகு மடிக்கணினியைத் திறக்கலாம்.

அதுவரை, வீட்டில் யாராவது டயாலிசிஸ் செய்கிறார்கள் என்றால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அவர்கள் கைப்பேசியை வாங்கி, தண்ணீர் குடிக்கச் சொல்லும் நினைவூட்டல் ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அணைத்துவிடுங்கள். அடுத்த முறை மையத்துக்குக் கூட்டிப்போகும்போது, ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று தாதியிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.